ஓசூரில் மூன்று பேரை ஒரே படத்தில் நிறுத்தப் போன கதை

நான் இந்தியா போகிறேன் என்ற செய்தி எங்கள் ஈப்போ வரிசை வீடுகளில் பரவியதும் ஒருத்தி கொலுசு கேட்டாள், ஒருத்தி ஆவக்காய் ஊறுகாய் கேட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் சீனப் பெண் மருதாணிப் பொடி கேட்டாள். அடுத்த வீட்டு ரங்கம்மாக்கா மட்டும் ஒரு போட்டோ கேட்டார். நூறு கொலுசு வாங்கி வந்திருக்கலாம் என்று பிற்பாடு நான் நினைத்தது உண்டு.

ரங்கம்மாக்கா ஓசூருக்கு அந்தப் பக்கம் தளியில் பிறந்தவர். கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவர், அதற்குப் பிறகு ஊர்ப் பக்கம் போகவில்லை. அங்கே அவருக்கு இரண்டு தம்பிகள். பெரியவர் நாராயணப்பா தளியில் தோட்டம் வைத்திருந்தார். சின்னவர் முனிராஜு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் அக்காவுக்கு ஒழுங்காகக் கடிதம் போடுவார்கள். ஆனால் சின்னவருக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருவர் கடிதத்தில் இன்னொருவர் பெயர் வருவதே இல்லை. இருவருக்கும் பகை என்று தெரிந்துகொள்ள அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

"ரெண்டு பேரும், நான் இன்னும் பாக்காத அந்தச் சின்னவன் பொண்டாட்டியும், ஒரே படத்துல நிக்கணும். தனித்தனியா எடுத்துக் குடுத்து என்னை ஏமாத்தாத. அப்படி ஒரு படம் வந்தா பொங்கலுக்கு ஊருக்குப் போவேன். வராட்டி எவன் வீட்டுல பெட்டிய இறக்குறது? நடு ரோட்டுல நின்னு அழவா?" என்றார். பெட்டி ஏற்கெனவே வாங்கி அலமாரி மேல் இருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள் நான். ஜப்பான் காமிரா, தனி பிளாஷ், தோள்பை என்று எல்லாம் உண்டு. மூன்று பேரை நிறுத்திப் பித்தானை அழுத்துவதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

பிலிமைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்துக்குக் கொடுக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். காமிராவில் மாட்டிய பிறகு லீவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் பிலிம் பல்லில் மாட்டவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒருவர் அதைப் பார்க்காமல் தன் மச்சினியின் கல்யாணம் முழுவதையும் எடுத்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் அவருக்குக் காப்பி கொடுப்பதில்லை. லென்சைச் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள், அதில் தேங்காய் எண்ணெய் இருக்கும். பழைய மல் வேட்டித் துணி ஒரு துண்டு போதும்.

பெங்களூரில் என் சின்னம்மா மகள் வீட்டில் இறங்கி, மறுநாளே ஓசூர் பஸ் ஏறினேன். ஒரு சின்னத் தூக்கம் போட்டு விழிப்பதற்குள் கடைப் பலகைகளில் கன்னட எழுத்து போய்த் தமிழ் எழுத்து வந்துவிட்டது. எங்கள் நாட்டில் எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டும். இங்கே நடத்துநர் சில்லறையைத் தேடினார், அவ்வளவுதான். என் முன்னால் இரண்டு பேர் கன்னடத்தில் பேசிக்கொண்டே என் பையைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். ஒருவர், "இம்மாம் பெரிய காமிரா, சினிமாக்காரியா இருக்குமா?" என்றாராம். மற்றவர், "சினிமாக்காரி இந்த பஸ்ஸில் ஏன் வரப்போறா?" என்றாராம். பஸ்ஸைப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான்.

முனிராஜுவின் வாடகை வீடு மத்திகிரியில். ஓசூரில் டவுன் பஸ் ஏறினேன். அது ஷிப்ட் மாறும் நேரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாதி வழியில் பஸ் முழுவதும் ஒரே மூச்சில் இறங்கியது, நானும் சேர்ந்து இறக்கப்பட்டேன். கால் தரையில் பட்டதா என்றுகூடத் தெரியவில்லை. நின்று பார்த்தால் ஒரு தொழிற்சாலை வாசல். காவலாளி என்னைப் பார்த்து டோக்கன் நம்பர் கேட்டார். நான் ஈப்போ என்றேன். அது எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டார். பிறகு அவரே சிரித்து ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

முனிராஜு ஒல்லியானவர், கம்பெனி நீலச் சட்டையை வீட்டிலும் கழற்றாதவர். அவர் மனைவி சாவித்திரிக்கு ஊத்தங்கரைப் பக்கம். வெயில் ஊரில் பிறந்த அந்தப் பெண் ஓசூர்க் குளிருக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதில் துண்டு கட்டிக்கொண்டு சமைத்தாள். புளிக்குழம்பில் அவள் போட்டிருந்த மிளகாய் என்னையும் சூடாக வைத்தது. அக்கா கேட்ட படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"போட்டோதானுங்களே, எத்தனை வேணா எடுங்க. அண்ணன்கூட நிக்க மட்டும் சொல்லாதீங்க," என்றார் முனிராஜு. ஏன் என்றேன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சாவித்திரி இல்லை என்று தலையாட்டினாள். வேறு என்ன என்று நான் கண்ணால் கேட்டேன். தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள்.

மறுநாள் காலை தளி. பஸ் மேடேற ஏறக் குளிர் கூடியது. முட்டைக்கோசு மூட்டைகள் மனிதர்களுக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. நாராயணப்பா உயரமானவர், மப்ளரைக் கழுத்தில் சுற்றியிருந்தார், பேச்சு குறைவு. மனைவி இறந்து நாலைந்து வருஷமாகிறது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார். எனக்குக் களியும் அவரைக்காய்ச் சாறும் வைத்தார். நான் களியை மென்றேன். அவர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு வெக்காதீங்கம்மா, முழுங்குங்க," என்றார். முழுங்கினேன். நல்ல சாப்பாடு, ஆனால் இரண்டாவது உருண்டையை மறுக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அன்று மாலை வரை என்னால் குனிய முடியவில்லை.

படத்தைப் பற்றிச் சொன்னதும் அவரும் முடியாது என்றார். காரணம் ஒரு பலாமரம் என்றார். மரத்தைக் காட்டச் சொன்னேன். அது போன வருஷமே காய்ந்து வெட்டியாகிவிட்டது என்றார். ஒருவர் வாய்க்கால் என்கிறார், ஒருவர் மரம் என்கிறார். பொய்யைக்கூடச் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளாத அளவுக்குப் பகை என்று புரிந்தது.

காமிராவைக் கண்டதும் பக்கத்துத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். மூவரையும் சேர்த்து எடுக்கிறேன் என்றேன். நாராயணப்பா உடனே விலகினார். "மூணாயிடும். ஆவாது. நான் ஒதுங்கிக்கிறேன்." அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்பது எங்கள் ஊரிலும் உண்டு. சீனர்களுக்கு அதில் எங்களைவிடப் பயம் அதிகம். ஈப்போ ஸ்டூடியோ ஒன்றில் மூன்று பேர் வந்தால் கையில் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் பொம்மையே வைத்திருக்கிறார்கள், பொம்மையைச் சேர்த்தால் நாலு. இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அந்தக் கணவனும் மனைவியும் சிரித்தார்கள். நாராயணப்பா சிரிக்கவில்லை, தூரத்தில் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தத் திருட்டு யோசனை வந்தது. தனித்தனியாக எடுத்து ஒட்டிவிட்டால் என்ன? கல்யாண ஸ்டூடியோக்களில் துபாய் மாப்பிள்ளைகளை அப்படித்தானே பெண்ணின் பக்கத்தில் நிற்க வைக்கிறார்கள். தனித்தனியாக எடுத்து ஏமாற்றாதே என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒட்டிவிட்டால் அது ஒரே படம்தானே என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன். நாராயணப்பாவிடம் அக்காவுக்கு அவரை மட்டும் ஒரு படம் என்றேன். கையைத் தொங்கவிட்டு நிற்காதீர்கள், எதன் மேலாவது போடுங்கள் என்றேன். அவர் கன்றுக்குட்டியின் கழுத்தில் கை போட்டார். கன்று அவர் தம்பியைவிட உயரம் குறைவு என்பதால் ஒரு கல்லின் மேல் ஏற்றினோம். மூன்று ஆள் பிடித்தார்கள்.

இங்கே ஒரு குறிப்பு. கிராமத்தில் ஒருவரைக் காமிரா முன் நிறுத்தினால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பாஸ்போர்ட் முகம் காட்டுவார். முடிந்துவிட்டது, நன்றி என்று சொல்லிக் காமிராவைக் கீழே இறக்குங்கள். அவர் மூச்சு விடுவார், முகம் திரும்பி வரும். அப்போது எடுங்கள். நாராயணப்பா அப்படித்தான் கன்றைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி பதிந்தார். தம்பியைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த முனிராஜுவையும் சாவித்திரியையும் மத்திகிரி மாட்டுப் பண்ணைச் சுவரோரம் நிறுத்தி எடுத்தேன். முனிராஜுவுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விடச் சொன்னேன். எதற்கு என்றார். கலைக்காக என்றேன்.

அடுத்த நாள் அந்த பிலிமோடு கிருஷ்ணகிரி போனேன். கலர் பிலிம் என்றால் பெங்களூருக்குத்தான் அனுப்ப வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். கறுப்பு வெள்ளை என்றால் உள்ளூர் ஸ்டூடியோவிலேயே கழுவிவிடலாம், நெகட்டிவில் பென்சிலும் பிரஷ்ஷும் வைத்து வேலையும் செய்யலாம். அவசரத்துக்குக் கறுப்பு வெள்ளையே கை கொடுக்கும். சாவித்திரியின் கல்யாணத்துக்குப் படம் எடுத்த பாஷா பாயின் கடைக்கு அவளே வழி சொல்லி அனுப்பியிருந்தாள்.

பாஷா பாய் வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். மீசை இல்லாதவருக்கு மீசை, மூடிய கண்ணுக்குத் திறந்த கண், வழுக்கைக்கு முடி, எல்லாம் தன் பிரஷ்ஷில் இருக்கிறது என்றார். ஒரு முறை ஒருவருக்கு இரண்டு கண்ணையும் வரைந்து கொடுத்தாராம். பிறகுதான் தெரிந்ததாம், ஆசாமிக்கு ஒரு கண் கிடையாது. வீட்டில் எல்லோரும் அழுது அந்தப் படத்தையே பெரிதாக்கி மாட்டினார்களாம். என் திட்டத்தைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். உடனே முகம் மாறியது.

"மூணு ஆவுதேக்கா. பாக்கறவங்க மூணுன்னா மொகம் சுளிப்பாங்க," என்றார். வேண்டுமானால் நாலாவதாக ஒரு குழந்தையை ஒட்டித் தருவதாகச் சொல்லி, யாரும் வாங்கிப் போகாத படங்கள் கிடந்த ஒரு பெட்டியைத் திறந்தார். யாரோ பெற்ற கொழுகொழு பிள்ளை ஒன்று அதில் சிரித்தது. ரங்கம்மாக்கா அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சட்டை தைக்க ஆரம்பித்துவிடுவார், வேண்டாம் என்றேன்.

பிலிம் கழுவி வரும் வரை தக்காளி மண்டிப் பக்கம் சுற்றினேன். திரும்பி வந்தபோது நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த பாஷா பாய் நாராயணப்பாவின் படத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். "இவரா? இவர நான் முன்னாடியே ஒரு தடவை வெட்டியிருக்கேனே," என்றார்.

பிறகு விஷயம் வந்தது. முனிராஜுவின் கல்யாணத்தில் ஜோடி ஜோடியாக மேடைக்கு வந்து மணமக்கள் பக்கத்தில் நின்றார்கள். நாராயணப்பாவும் வந்து நின்றார். கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். ஆனால் மனைவி போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஜோடி இல்லை. பாஷா பாய் பித்தானை அழுத்தப் போன நேரத்தில் சாவித்திரியின் அத்தை ஓடி வந்து, மூணு பேர் ஆவாது, நகருங்க என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். படத்தில் ஓரமாக அவருடைய முழங்கை மட்டும் விழுந்தது. அது அழகாக இல்லை என்று பிரிண்ட் போடும்போது பாஷா பாய் அதையும் வெட்டிவிட்டார். "ஆல்பம் முழுக்க அந்த மனுசன் ஒரு படத்துலயும் இல்ல. அதுக்கப்பறம் அவர் மேடைப் பக்கமே வரல," என்றார்.

எனக்குத் தளியில் நான் சொன்ன பொம்மைக் கதை ஞாபகம் வந்து காது சுட்டது. வாய்க்காலும் இல்லை, பலாமரமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒட்டிய படத்தை வாங்கினேன். பாஷா பாய் பெருமையோடு நீட்டினார். முதல் பார்வைக்கு அண்ணன் தம்பி தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டுதான் நின்றார். இரண்டாம் பார்வையில் அண்ணன் முகத்தில் வெயில் கிழக்கிலிருந்தும் தம்பி முகத்தில் மேற்கிலிருந்தும் அடித்தது, ஒரே படத்தில் இரண்டு சூரியன். தப்பு என்னுடையது. ஒட்டப் போகும் படங்களை ஒரே நேரத்து வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், கைதான் அவசரப்பட்டது. மூன்றாம் பார்வையில் முனிராஜுவின் தோளுக்கு மேலே ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். கன்றுக்குட்டியின் காது.

அதை மத்திகிரிக்குக் கொண்டு வந்து சாவித்திரியிடம் காட்டினேன். ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குள் முனிராஜு வந்துவிட்டார். படத்தை வாங்கிப் பார்த்தார். அவர் காதைப் பார்க்கவில்லை, சூரியனையும் பார்க்கவில்லை. தோளில் இருந்த கையையே பார்த்தார்.

"இந்தக் கை நெஜமா எது மேல இருந்துச்சு?" என்றார். கன்றின் மேல் என்றேன். பாஷா பாய் சொன்னதையும் சொன்னேன். சாவித்திரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் அத்தைதான் காரணம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. கல்யாணத்தன்று அவள் நிமிர்ந்து பார்த்தது தாலி கட்டும்போது மட்டும்தான்.

முனிராஜு படத்தைக் கவிழ்த்து வைத்தார். "நான் பாத்தேங்க்கா. மாப்பிள்ளை அன்னைக்கு வாயத் தொறந்தா நல்லாருக்காதுன்னு சும்மா நின்னுட்டேன்," என்றார். பிறகு, ஞாயிறு வார லீவு, தளிக்குப் போவோம் என்றார். இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் என் இரண்டாவது பிலிமைப் பண்ணைக் காளைகளும் தக்காளிக் குவியல்களும் வழியில் கேட்டவர்களும் தின்றுவிட்டார்கள். படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் விலாசம் கொடுத்து, பிரதி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பாதவர்களை அங்கே வருஷக்கணக்காக நினைவு வைத்திருப்பார்கள் என்று சாவித்திரி எச்சரித்தாள். கடைசி பிரேம் ஒன்றை மட்டும் பிடிவாதமாக மிச்சம் வைத்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், கடைசி ஒன்றை எதற்கும் கொடுக்காதீர்கள்.

ஞாயிறு காலை பஸ் தளி மேட்டில் புகை விட்டு நின்றது. ஓட்டுநர் எல்லோருடைய தண்ணீர்ப் பாட்டிலையும் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். அது போதாமல் ஒருவருடைய மோரையும் கேட்டார், அவர் கொடுக்கவில்லை. கடைசியில் காலிக் கூடைகள் ஏற்றிப் போன ஒரு டெம்போவில் தொற்றிக்கொண்டோம். சாவித்திரி வழி முழுவதும் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் நடுங்கினாள். குளிரா பயமா என்று கேட்டேன். ரெண்டும் என்றாள்.

நாராயணப்பா களத்தில் ராகி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்து கயிற்றை முடிந்தார். முனிராஜு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கன்னடத்துக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் கோபமும் பாசமும் கன்னடத்தில்தான். சாவித்திரி என் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தம்பி அன்றைக்கு நடந்ததைப் பற்றிச் சொன்னார். சாவித்திரியும் முன்னால் போய், எங்க அத்தை செஞ்சதுக்கு என்னைத் திட்டுங்க மாமா என்றாள். நாராயணப்பா அவளைப் பார்த்துத் தலையாட்டினார், உன்மேல் என்ன என்பது போல. பிறகு தம்பியைப் பார்த்துப் பேசினார். அவர் குரல் உயரவே இல்லை.

"மூணு பேர் ஆவாது. எனக்கும் தெரியும். உங்களுக்கு ஆவாதத நான் கேக்க மாட்டேன்," என்றார். கயிற்றை விரலில் சுற்றி அவிழ்த்தார். "ஆனா மூணு ஆவாதுன்னா நாலாவதா ஒருத்தரக் கூப்பிட்டிருக்கலாம். மண்டபம் நிறைய சனம் இருந்தாங்க. என்னைத்தான வெளிய எடுத்தீங்க."

சாவித்திரி இதை என் காதில் சொல்லி முடித்தாள். இத்தனை வருஷமாக அந்த மனிதர் கேட்டது ஒரு நாலாவது ஆளை மட்டும்தான்.

முனிராஜு களத்தில் நின்றபடியே என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க வாங்க. நாலாவதா நில்லுங்க," என்று தமிழில், பலமாக, அண்ணனுக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்.

நான் நின்றால் யார் எடுப்பது? காமிராவில் அதற்கு வழி இருக்கிறது. முன்பக்கம் ஒரு சின்ன லீவரைத் திருப்பி விட்டால் கொஞ்ச நேரம் கிர்ரென்று ஓடிவிட்டுத் தானே படம் எடுக்கும். முக்காலி இல்லையென்றால் கவலை வேண்டாம். தளர்வாகக் கட்டிய தானிய மூட்டை எந்த முக்காலியையும்விட நன்றாகக் காமிராவைப் பிடித்துக்கொள்ளும். நாராயணப்பா கட்டிய ராகி மூட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேலே குழி செய்து காமிராவை அமர்த்தினேன். மூவரையும் நிற்க வைத்து எனக்கு இடம் குறித்தேன். அண்ணனும் தம்பியும் நடுவில் ஓர் ஆள் இடைவெளி விட்டு, இரண்டு மரம் போல நின்றார்கள். லீவரைத் திருப்பிவிட்டு ஓடினேன்.

வழியில் முட்டைக்கோசு இலை கிடந்தது. அதை நான் பார்க்கவில்லை, என் செருப்பு பார்த்தது. நான் முன்னால் பறந்தேன். அண்ணன் ஒரு கையால் என்னைப் பிடிக்க எட்டி, தான் விழாமல் இருக்க இன்னொரு கையால் தம்பி தோளை இறுக்கிப் பிடித்தார். தம்பி என்னையும் அண்ணனையும் சேர்த்துப் பிடித்தார். சாவித்திரி ஐயோ என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் காமிரா தன் வேலையை முடித்தது.

இன்னொன்று எடுப்போம் என்று எழுந்து ஓடினேன். லீவர் பாதியில் நின்றது. பிலிம் தீர்ந்துவிட்டது. அவர்களிடம் திரும்பி அதைச் சொல்ல வாயெடுத்தேன். நாராயணப்பாவின் கை இன்னும் தம்பியின் தோளிலேயே இருந்தது. மத்தியானம் களி, சாறு. சாவித்திரியும் மென்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் திருத்தினார்கள்.

கிருஷ்ணகிரியில் பாஷா பாய் அந்தப் பிரிண்டை ஈரத்தோடு தூக்கிப் பார்த்தார். அண்ணன், தம்பி, சாவித்திரி மூவர் முகமும் தெளிவாக விழுந்திருந்தன. அவர்களுக்கு நடுவே நான் ஒரு சேலை மூட்டையாகக் கலங்கிக் கிடந்தேன், ஒரு செருப்பு அந்தரத்தில் நின்றது. படம் கெட்டதே உங்களால்தான் என்று பாஷா பாய் வருத்தப்பட்டார். "ஒரு நாள் குடுங்க, உங்கள நைசா எடுத்துடறேன். இருந்த அடையாளமே தெரியாது," என்றார்.

"எடுத்தா மூணாயிடும் பாய். இவங்க விஷயத்துல நீங்க வெட்டினவரைக்கும் போதும்," என்றேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

பிரதிகள் போட்டுத் தளிக்கும் மத்திகிரிக்கும் அனுப்பினேன். அனுப்பும்போது இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள். பின்னால் பெயர் எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தழும்பு விழும். தக்காளிக்காரர்களுக்கும் காளைக்காரர்களுக்கும்கூட அனுப்பிவிட்டேன். ஒட்டுப் படத்தைச் சாவித்திரி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள், சமையல் செய்யும்போது பார்த்துச் சிரிக்க வேண்டுமாம்.

ஈப்போவில் மழை. பையைக்கூடப் பிரிக்காமல் ரங்கம்மாக்கா வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். சாவித்திரியின் முகத்தை விரலால் தொட்டார். பெரிய தம்பியின் கையை, அது பிடித்திருந்த தோளை, மறுபடியும் கையை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "நடுவுல இது என்னாடி, ஆடு பாயுது?" என்றார்.

நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். கல்யாண மேடையிலிருந்து முட்டைக்கோசு இலை வரை எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத்தான வெளிய எடுத்தீங்க என்று நாராயணப்பா சொன்ன இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பிடிக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு அலமாரி மேல் இருந்த பெட்டியைத் தாமே இறக்கி, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

பெட்டியை எந்தத் தம்பி வீட்டில் இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அத அவனுங்களே சண்டை போட்டு முடிவு பண்ணட்டும். இப்பதான் பேசுறானுங்களே," என்றார். படத்தை எடுத்து, உருத் தெரியாமல் கலங்கிக் கிடந்த என்மேல் விரலை வைத்தார். "நீயும் வர்ற. ஆனா இந்த எடம் என்னுது. நான் போய் நின்னுக்குறேன், நீ வெளிய நின்னு ஒழுங்கா எடு."